எந்த ஞானத்தில் நடக்கிறோம்? எல்லைப்புறத்துப் புது விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

களியக்காவிளையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம் வந்துவிடும். பஸ்ஸின் நிறம் மாறும், கடைப் பலகையில் எழுத்து மாறும், சில சட்டங்களும் மாறும். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். இன்றைக்கும் பாறசாலையில் அத்தையும் குழித்துறையில் சித்தப்பாவும் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் வளர்கிறவர்களுக்கு ஒரு சாமர்த்தியம் தானாகவே வந்துவிடுகிறது. எது எந்தப் பக்கம் மலிவு, எந்தக் காகிதம் எந்த ஆபீஸில் செல்லும், எதைக் காட்டலாம், எதைக் காட்டாமல் விடலாம் என்பதெல்லாம் பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களும், இப்போதுதான் திடப்படுத்தல் முடித்த பிள்ளைகளும் கேட்பது இதைத்தான்: இந்தச் சாமர்த்தியத்தை என்ன செய்வது? வேதம் உலக ஞானத்தைப் பைத்தியம் என்கிறதே, அப்படியானால் இதையெல்லாம் மறந்துவிட வேண்டுமா?

மறக்க வேண்டாம். ஒருவனுக்குச் சாமர்த்தியம் அதிகமா குறைவா என்று பார்த்து உலக ஞானத்தையும் தேவ ஞானத்தையும் பிரிக்க முடியாது. அந்தச் சாமர்த்தியத்துக்கு ஆகும் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்று பார்த்தால் பிரிக்கலாம். நான் கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

தொடங்கும் முன்: படிப்பும் தொழிலும் எதிரி இல்லை

சில கூட்டங்களில் 'படிப்பு வேண்டாம், ஆவியானவர் போதும்' என்கிற மாதிரிப் பேச்சு அடிபடும். அதற்கு 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தைத் துணைக்கு இழுப்பார்கள். வேதத்தை முழுதாய்ப் பார்த்தால் அப்படி இல்லை. தானியேலும் மூன்று நண்பர்களும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டான் என்று அப்போஸ்தலர் 7:22 சொல்கிறது. அந்த மோசேக்கு நிர்வாகம் செய்யச் சொல்லிக்கொடுத்தவர் மீதியானிய ஆசாரியனான மாமனார் எத்திரோ. கூடாரத்துக்குத் தச்சு வேலையும் பொன் வேலையும் செய்த பெசலெயேலுக்கு அந்தக் கைத்திறனைக் கொடுத்ததே தேவ ஆவி என்கிறது யாத்திராகமம் 31.

நம் ஊர் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம சீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், ஏழைக் குடியானவர்களுக்குத் தேனீ வளர்க்கவும் கோழி வளர்க்கவும் கற்றுக்கொடுத்தார். மார்த்தாண்டம் தேன் என்று இன்று கடையில் வாங்குகிறோமே, அந்தத் தொழில் வளர்ந்ததில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எனவே ரப்பர் விலை பார்ப்பதையும், வங்கி வட்டியைக் கணக்குப் போடுவதையும், பிள்ளையை நல்ல கல்லூரியில் சேர்க்க அலைவதையும் யாரும் உலகப்பிரகாரமானது என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

படி 1: வாசிக்க வேண்டியதை வரிசையாக வாசியுங்கள்

யாக்கோபு 3:13 முதல் 18 வரை. ஆறே வசனம். முதல் வாரம் இதுமட்டும் போதும். கீழான ஞானத்துக்கு யாக்கோபு சொல்லும் அடையாளம் இரண்டு: கசப்பான வைராக்கியம், விரோதம். அதாவது அடுத்தவனைப் பார்த்து எரிவதும், நான்தான் முன்னால் நிற்க வேண்டும் என்பதும். மேலிருந்து வரும் ஞானத்துக்கு ஒரு பட்டியலே தருகிறார். அதில் வரிசையைக் கவனியுங்கள்: 'முதலாவது சுத்தமுள்ளதாயும், பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமுமுள்ளதாயும்' என்று போகிறது. சுத்தம் முதலில், சமாதானம் பின்பு. சபைக் காரியம் பேசும்போது இந்த வரிசைக்குத் திரும்ப வருவோம்.

அடுத்து 1 கொரிந்தியர் 1 முதல் 3 வரை. அப்புறம் நீதிமொழிகள், 31 அதிகாரம் இருப்பதால் நாளுக்கு ஒன்று என்று பலர் வாசிப்பார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் நீதிமொழிகளை வங்கி செக் மாதிரி மாற்றிக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

வசனங்களைவிடக் கதைகளில் இந்த விஷயம் நன்றாக உறைக்கும். ஆதியாகமம் 13-ஐ எடுங்கள். மேய்ச்சல் நிலம் போதவில்லை. பெரியவரான ஆபிராம், எந்தப் பக்கம் வேண்டுமோ நீயே எடுத்துக்கொள் என்று லோத்திடம் விட்டுவிடுகிறார். லோத்து கண்ணை ஏறெடுத்துப் பார்த்து, நீர்வளம் பொருந்திய யோர்தான் சமபூமியை எடுத்துக்கொள்கிறான். ரியல் எஸ்டேட் கணக்கில் லோத்து செய்தது சரி. ஆனால் தகப்பனின் சகோதரனான ஆபிராமுக்கு என்ன மிஞ்சும் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை.

இன்னொரு கதையைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள்: 2 சாமுவேல் 13. தாவீதின் மகன் அம்னோனுக்கு யோனதாப் என்று ஒரு சிநேகிதன். 'மகா தந்திரவாதி' என்று வேதமே சொல்கிறது. நோயாளியைப் போலப் படுத்துக்கொள், தங்கையை வரவழை என்று அவன்தான் யோசனை சொல்கிறான். அந்தத் தங்கை தாமாருடைய வாழ்க்கை பாழாகிறது. இரண்டு வருஷம் கழித்து, தாமாரின் கூடப்பிறந்த அப்சலோமின் ஆட்கள் அம்னோனைக் கொல்கிறார்கள். அரண்மனையே அழும்போது இந்த யோனதாப் வந்து தாவீதிடம், எல்லாரும் சாகவில்லை, அம்னோன் மட்டும்தான் செத்தான் என்று பதறாமல் கணக்குச் சொல்கிறான். யோசனை சொன்னவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆலோசனை சொல்ல வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆள் ஞாபகம் வரும்.

படி 2: காரியத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்

மனதுக்குள் யோசிப்பதில் ஏமாற்றுவது சுலபம், எழுதும்போது கை தயங்கும். ஒரு பக்கம் போதும். செய்யப்போவது என்ன என்று ஒரு வரி. அதில் எனக்கு என்ன லாபம் என்று ஒரு வரி. அந்த லாபத்துக்கு யார் பணமாகவோ நேரமாகவோ மானமாகவோ கொடுக்கிறார்கள் என்று பெயர் போட்டு எழுதுங்கள். அவர்களுக்கு இது தெரியுமா என்பதையும் எழுதுங்கள். கடைசியாக, யாரைப் பார்த்து இந்த ஆசை வந்தது என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினார், மச்சான் கார் வாங்கினான் என்று ஒரு பெயர் வந்து நிற்கும். வந்தால் வெட்கப்பட வேண்டாம், அதைத்தான் யாக்கோபு வைராக்கியம் என்கிறார். பெயர் வந்த காரியத்தைக் கொஞ்ச நாள் ஆறப்போடுங்கள்.

படி 3: கேளுங்கள்

யாக்கோபு 1:5 எல்லாருக்கும் தெரியும். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார். கேட்கும் விதத்தில்தான் கோளாறு. 'ஆண்டவரே, இந்த இடம் எனக்குக் கிடைக்கணும்' என்பது ஞானத்துக்கான ஜெபம் இல்லை, இடத்துக்கான ஜெபம். இடத்துக்காக ஜெபிப்பதிலும் தப்பில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. படி 2-இல் எழுதிய காகிதத்தை முன்னால் வைத்து, நஷ்டப்படுகிறவர்களின் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணிப் பாருங்கள். சில காரியங்கள் அந்த ஜெபத்திலேயே முடிவாகிவிடும்.

படி 4: ஆலோசனை கேட்க ஆளைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பக்கத்தில் ஜெபவீடுகளுக்குக் குறைவில்லை. ஒரு தீர்க்கதரிசி 'பொறுத்திரு' என்றால், 'போ' என்று சொல்லும் இன்னொருவரைத் தேடி பஸ் ஏறுகிறவர்களைப் பார்க்கிறோம். போருக்குப் போகலாமா என்று கேட்ட ஆகாப் ராஜாவுக்கு ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் 'போம்' என்றார்கள். மிகாயா என்ற தீர்க்கதரிசியை மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை, காரணம் அவன் எனக்கு நல்லதே சொல்வதில்லை என்றான். அந்தப் போருக்குப் போய்ச் செத்தும் போனான்.

மூத்தவர் என்பதற்காக ஒருவர் ஞானி ஆகிவிடமாட்டார், இளையவர் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவின் கதையில் (1 இராஜாக்கள் 12) முதியவர்களின் ஆலோசனை சரியாக இருந்தது, காரணம் அவர்கள் ஜனங்களின் முதுகில் இருந்த பாரத்தைப் பார்த்தார்கள். கூட வளர்ந்த வாலிபர்கள் ராஜாவின் கௌரவத்தைப் பார்த்தார்கள். வரியை உயர்த்தினால் அவர்கள் கைக்காசு ஒன்றும் போகப்போவதில்லை.

அதனால் மூன்று விதமானவர்களிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிரியமானதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத ஒருவர். அந்தத் தொழிலோ சட்டமோ தெரிந்த ஒருவர். இவர் விசுவாசியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எத்திரோவை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆளைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம்: உங்கள் முடிவால் பாதிக்கப்படப்போகிறவர். முதலில் பேசுகிறவன் நீதிமான்போலத் தெரிவான், அடுத்தவன் வந்துதான் அவனைச் சோதிப்பான் என்று நீதிமொழிகள் 18:17 சொல்கிறது. சொத்துப் பிரிக்கும்போது வக்கீலையும் ஆயரையும் பார்த்துவிட்டு வருவோம், தம்பி வீட்டுப் படியை மட்டும் மிதித்திருக்க மாட்டோம்.

படி 5: நம் ஊர்க் காரியங்களில் போட்டுப் பாருங்கள்

ரப்பரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே பாதிப்பேர் வீட்டில் அதுதான் சோறு. பால் எடுத்து, டிஷ்ஷில் ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் இழுத்து, நீர் வடிய விட்டு, புகை போட்டால் ஷீட். ஆர்.எஸ்.எஸ். (புகை போட்ட ரப்பர் ஷீட்) 1 முதல் 5 வரை தரம் பிரிப்பது பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான். நன்றாகக் காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தேன் நிறத்தில் கண்ணாடிபோலத் தெரியும், ஈரம் இருந்தால் உள்ளே வெள்ளைத் திட்டு கிடக்கும். இப்போது சாமர்த்தியம்: காய்ந்த ஷீட்டை மேலேயும் கீழேயும் வைத்து, வெள்ளைத் திட்டு உள்ளதை நடுவில் மடித்துக் கட்டினால் ஈரமும் சேர்த்து எடைக்குக் காசு. கடைக்காரரும் சின்னப்பிள்ளை இல்லை. இரண்டு தடவை ஏமாந்ததும் கட்டுக்கு இத்தனை என்று எல்லாருக்கும் பொதுவாகக் கழிக்கத் தொடங்குவார். அதோடு நிற்காமல் தராசிலும் கொஞ்சம் கை வைப்பார். ஈரத்தை மறைத்தவனுக்கு அந்தக் கழிவு சரிக்குச் சரி. ஒழுங்காகக் காயவைத்துக் கொண்டுவந்த விதவைக்கு அது சுத்த நஷ்டம். நடுவில் ஷீட்டை மடித்தவர் அந்த அம்மாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்று நீதிமொழிகள் 11:1 சொல்வதை வாங்குகிறவர் பக்கம் மட்டும் தள்ளிவிடுவது நமக்கு வழக்கம். தராசின் இந்தப் பக்கம் வைக்கும் கட்டுக்கும் அது பொருந்தும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது சாதாரணமானதுதான். ஈர ஷீட்டைத் தனியாகக் கட்டி, இது காயவில்லை என்று சொல்லிக் கொடுங்கள். விலை குறையும். சில மாதம் போனால் உங்கள் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளும் கடைக்காரர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நேர்மையாய் இருந்தால் ஆண்டவர் இரட்டிப்பாய்த் தருவார் என்று சொல்லி நேர்மையை விற்பதும் உலகக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

அடுத்து நிலம். பாறசாலைப் பக்கம் ஒரு துண்டு இடம் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். பேசிய விலை 30 லட்சம். ஆதாரத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், 18 லட்சம் என்று எழுதலாம், சர்க்கார் வைத்திருக்கும் நியாய விலைக்குக் குறையாமல் இருந்தால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பார்கள். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு 3 லட்சம் கட்ட வேண்டும், 18 லட்சத்துக்கு 1.80 லட்சம். மிச்சம் 1.20 லட்சம் ரூபாய். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

செலவு யார் தலையில்? முதலில் உங்கள் தலையிலேயே. மீதி 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது கிடையாது. நாளைக்கு வழக்கு வந்தால் காகிதத்தில் உள்ளது 18தான். திரும்ப விற்கும்போது லாபம் ஊதிப் பெரிதாகத் தெரியும், வரியும் அதன்படி. நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அந்த அபராதம் விற்றவர் மேல் விழும். அநேகமாக அவர் மகள் கல்யாணத்துக்காக இடத்தை விற்ற ஆளாக இருப்பார்.

எரேமியா 32-ஐ இந்த இடத்தில் வாசியுங்கள். எருசலேமைப் பாபிலோன் முற்றுகை போட்டிருக்கிறது. நிலத்துக்கு மதிப்பே இல்லாத நேரம். எரேமியா காவலில் இருக்கிறான். பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைச் சாட்சிகளுக்கு முன்னால் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை போட்டதும் திறந்திருந்ததுமான இரண்டு பிரதியையும் மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறான். தேவ ஞானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்று நினைக்கிறவர்கள் இந்தப் பத்திர வேலையைப் பார்க்க வேண்டும். சாட்சி, நிறை, எழுத்து, பிரதி எதுவும் விடுபடவில்லை. விசுவாசிக்கு விசுவாசி கடன் கொடுக்கும்போது 'எழுத்து எதற்கு, நம்ம சகோதரன்தானே' என்று விட்டு, பிறகு இருவரும் இரண்டு சபையாகப் பிரிந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. எழுதிக்கொள்ளுங்கள். 'சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போல கபடற்றவர்களும்' என்று இயேசு சொன்னதில் முதல் பாதியான விவேகமும் கட்டளைதான்.

லாட்டரியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேரள சர்க்கார் 1967இல் தொடங்கியது, தமிழ்நாடு 2003இல் தடை செய்தது. ரோட்டின் அந்தப் பக்கம் சட்டப்படி சரியானது இந்தப் பக்கம் குற்றம் என்றால், ஒன்று தெளிவாகிவிடுகிறது: சட்டம் அனுமதிக்கிறதா என்பது குறைந்தபட்சக் கேள்விதான், கடைசிக் கேள்வி இல்லை. பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடிக்காத டிக்கெட்டுகளில் இருந்து. அவற்றில் பல, கூலி வாங்கிய கையோடு வாங்கியவை. சீட்டு விற்று வயிறு வளர்க்கிற கால் ஊனமுற்றவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவரிடம் டிக்கெட் வாங்காமலும் நின்று பேசலாம்.

ஜாமீன் காரியம் இதைவிடச் சிக்கல். கேரளத்தில் 1969 முதல் சர்க்கார் நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. சிட்டி, அதாவது ஏலச்சீட்டு, நடத்துகிறது. சிட்டி பிடித்தால் பணம் வாங்க ஜாமீன் வேண்டும், சம்பளக்காரர் கையெழுத்துக்கு மவுசு அதிகம். 'அண்ணே, நீங்க உத்தியோகத்துல இருக்கீங்க, ஒரு சம்பளச் சர்ட்டிபிகேட்தானே' என்று வருவார்கள். மறுத்தால் அன்பில்லாதவன் என்று பேர். நீதிமொழிகள் 6 இந்த விஷயத்தில் ஈவிரக்கம் இல்லாமல் பேசுகிறது: பிணைப்பட்டிருந்தால் தூங்காமல் போய் விடுவித்துக்கொள் என்கிறது. ஏன் இவ்வளவு கடுமை? உங்கள் தாராளத்தின் செலவை உங்களிடம் கேட்கப்படாத மனைவியும் பிள்ளைகளும் கட்டப்போகிறார்கள். என் அபிப்பிராயம்: வீட்டில் சொல்லாமல் ஜாமீன் போடவே வேண்டாம். உதவ வேண்டும் என்று மனம் இருந்தால், திரும்ப வராவிட்டாலும் வீடு தாங்கும் தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கல்யாணம். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல், எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே சட்டம். நடப்பது எல்லாருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்த வீட்டில் டீயும் நேந்திரங்காய் சிப்ஸும் வைத்தாகிவிட்டது. ஜெபம் பண்ணித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா சொல்வார்: 'அக்கா, நாங்க ஒண்ணும் கேக்கல்ல. உங்க பொண்ணுக்கு நீங்க போடுறது. மூத்த மருமக எத்தனை பவுனோட வந்தாண்ணு ஊருக்கே தெரியும்லா.' கேட்கவும் இல்லை, விடவும் இல்லை. சட்டத்துக்கும் பிடி கிடைக்காது, சாட்சிக்கும் பங்கம் வராது. யாக்கோபு பட்டியலின் கடைசியில் 'மாயமற்றதாயும்' என்று போட்டிருப்பது இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேச்சு தொடங்கும் முன்பே, வேண்டாம் என்று தொகையும் பவுனும் குறிப்பிட்டுச் சொல்லிவிடுவது. பூடகமாகச் சொன்னால் பெண்ணின் அப்பா எப்படியும் கடன் வாங்கத்தான் போவார். ஆயர் சொல்லுவார், அம்மா சொல்லுவாள் என்று மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மக்களே, உங்கள் கல்யாணம், நீங்களே சொல்லுங்கள்.

படி 6: சபைக்குள் வரும்போது இன்னும் கவனம்

யாக்கோபு இதையெல்லாம் எழுதியது சந்தையில் இருந்தவர்களுக்கு அல்ல, சபைக்கு. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தையானவனுக்குக் கால் மாட்டில் இடம் என்று இரண்டாம் அதிகாரத்தில் அவர் திட்டுவதும் ஆராதனைக்கு வந்தவர்களைத்தான்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். ஒரு பலாப்பழம் கடை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். ஆலயத்துக்குத்தானே போகிறது, நல்லதுதான். ஆனால் எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டதற்காக மேலே கூப்பிட்டால், அந்தப் பணம் காணிக்கையாகக் கணக்கில் ஏறினாலும் உள்ளே இருப்பது வைராக்கியம்தான். ஒரு முட்டையைக் கொண்டுவந்து வைத்த பாட்டியின் பெயரை மைக்கில் யாரும் சொல்வதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

கமிட்டித் தேர்தல் இன்னும் மோசம். யார் எந்தக் குடும்பம், எந்தப் பக்கம் எத்தனை ஓட்டு என்று சட்டசபைத் தேர்தலுக்குக்கூட இவ்வளவு நுணுக்கமாக யாரும் கணக்குப் போட மாட்டார்கள். புதிதாக வந்தவர்களைத்தான் முதலில் ஒரு கோஷ்டியில் சேர்த்துக்கொள்ளப் பார்ப்பார்கள். முதல் சில வருஷம் எந்தக் கோஷ்டியிலும் சேராமல், பெருக்கவும் பந்தி பரிமாறவும் கைகொடுங்கள்.

இப்போது அந்த வரிசை. சபைக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று வையுங்கள். யாராவது கேட்டால் உடனே, 'பிரதர், சமாதானம் முக்கியம், சபை பெயர் கெட்டுவிடும்' என்று வாயை அடைப்பார்கள். யாக்கோபு சுத்தத்தை முதலில் வைத்தார். அசுத்தத்தின் மேல் பாய் விரித்து அதன் மேல் எல்லாரும் உட்காருவது சமாதானம் இல்லை. அதன் செலவைக் காணிக்கை போட்ட ஏழைகளும், உண்மையைச் சொல்லி ஓரங்கட்டப்பட்டவரும் கட்டுகிறார்கள். அதே நேரம், சுத்தத்துக்கு அடுத்தபடியாகச் சாந்தமும் இணக்கமும் வருவதையும் விட்டுவிடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் குற்றப்பத்திரிகை எழுதிப் போடுவது சுத்தத்துக்கான வைராக்கியம்போலத் தெரியும், பல சமயம் அது வெறும் வைராக்கியம்தான். மத்தேயு 18:15 சொன்னபடி முதலில் தனியே போய்க் கேளுங்கள். பொருளாளரிடம், 'அண்ணே, இந்த வரவு எனக்குப் புரியல்ல, ஒருக்கா காட்டுவீங்களா?' என்று கேட்டால், அநேகம் தடவை ரசீதுப் புத்தகத்திலேயே பதில் இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நஷ்டம் வரும்போது

மேலான ஞானத்தில் நடந்தால் சில சமயம் கையில் இருப்பது போகும். அதை மறைத்துச் சொல்வது உங்களுக்குச் செய்யும் துரோகம். 1922 எவரெஸ்ட் பயணத்தில் இருந்த ஹோவர்டு சோமர்வெல் என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர், அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிகளின் கூட்டத்தையும், அதற்குப் போதாத மருத்துவர்களையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு நெய்யூரிலேயே வேலைக்குச் சேர்ந்தார், இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். அவருடைய அறுவைத் திறமை உலகத்தில் கற்றதுதான். அதன் செலவை மட்டும் அவர் தன் பக்கம் எழுதிக்கொண்டார். எல்லாரும் இப்படிப் போக வேண்டும் என்பதில்லை. ரப்பர்க் கட்டில் கிலோவுக்குச் சில ரூபாய் நஷ்டப்பட முடியாதவர்கள் இவரைப் பற்றி மிஷனரி ஞாயிறன்று பேசுவதில் அர்த்தமில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஏற்கெனவே செய்துவிட்டால்

இதை வாசிக்கும் பலர் வாங்கியும் விற்றும் பதிந்தும் முடித்தவர்களாக இருப்பீர்கள். சகேயு நாலத்தனையாய்த் திரும்பத் தருகிறேன் என்றான். அநியாயமாய்க் கூடுதல் வாங்கினதைத் திரும்பக் கொடுப்பதில் இருந்து நீங்கள் தொடங்கலாம். ஈர ஷீட் கொடுத்திருந்தால் அடுத்த கட்டைக் கொண்டுபோகும்போது கடைக்காரரிடம் சொல்லி எடையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் சிரிப்பார், பரவாயில்லை. ஜாமீன் போட்டிருந்தால் இன்று இரவே மனைவியிடம் சொல்லிவிட்டு, தவணை ஒழுங்காகப் போகிறதா என்று நேரில் போய் விசாரியுங்கள். மருமகள் கொண்டுவந்த நகை உங்கள் லாக்கரில் இருந்தால் அதை அவள் பெயரில், அவள் கையில் சாவியோடு மாற்றிக் கொடுங்கள். ஆதாரத்தில் விலை குறைத்து எழுதியிருந்தால் அதைச் சரிசெய்ய என்ன வழி, எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று நல்ல வக்கீல் ஒருவரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்த ஆளிடமே போய்க் கேட்டால், 'விடுங்க சார், யாரு பார்க்கப் போறா' என்றுதான் பதில் வரும்.